ஆர்லீன் ஃபாரெல் தூதரான கதை

'உங்கள் குரல் எங்களுக்கு வேண்டும்' என்ற தலைப்போடு அந்த மின்னஞ்சல் வந்தபோது ஆர்லீன் ஃபாரெல் ஆய்வகத்துக்கு வெளியே நின்று வெள்ளை அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஒருமுறை படித்தாள். பேருந்தில் உட்கார்ந்து இன்னொரு முறை. மறுநாள் நூலகத்தில் அச்செடுத்து, பேனாவும் கையுமாக மூன்றாம் முறை. தன் குரல் வேண்டும் என்று இருபத்தொன்பது வயது வரைக்கும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. இப்போது ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

விஷயம் இதுதான். அவள் படிக்கும் ஹார்ட்வெல் பல்கலைக்கழகத்தில் வெள்ளைக்கார மாணவர்கள் நூறு பேரில் எண்பத்தொரு பேர் நல்ல வகுப்பில் பட்டம் வாங்குகிறார்கள். கறுப்பின மாணவர்களில் ஐம்பத்தெட்டுப் பேர்தான் அப்படி வாங்குகிறார்கள். இத்தனைக்கும் உள்ளே நுழையும்போது இரண்டு தரப்புக்கும் பள்ளி மதிப்பெண் ஒன்றேதான். இந்த இடைவெளியை மூட மாணவத் தூதர்கள் தேவை, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா யூலலி ஆட்டுக்கறிச் சாறு கொதிக்கும் பானையை மூடிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளைப் படித்தாள்.

"இது எத்தனை வருஷமா இவங்களுக்குத் தெரியுமாம்?" என்றாள்.

"அது போடல."

"போட மாட்டாங்க. உன் மூஞ்சியப் புடிச்சு சுவத்துல ஒட்டப் போறாங்க மகளே. அதுக்குத்தான் கூப்புடறாங்க. சிரிச்ச மூஞ்சியா வச்சிக்கோ."

அம்மாவும் மகளும் இப்படிச் சந்தேகப் பேர்வழிகளாகப் பிறந்தவர்கள் அல்ல. கரீபியக் கடலில் இருக்கும் மான்செராட் தீவில் எரிமலை வெடித்து, கூரை மேலெல்லாம் சாம்பல் கொட்டியபோது ஆர்லீனுக்கு ஆறு வயது. ஒரு பெட்டியோடு இங்கிலாந்துக்கு வந்து இறங்கிய அந்த நாளில், பார்க்கிற எல்லோரையும் நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளியிலிருந்து வருஷா வருஷம் கடிதம் வரும். 'ஆர்லீன் மகிழ்ச்சியாக இருக்கிறாள், எல்லோரிடமும் அன்பாகப் பழகுகிறாள்' என்று இருக்கும். யூலலி அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பாள்.

ஆர்லீனுக்குப் பதினாலு வயதானபோது, ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான், தன் மகளுடைய புத்தகம் வேறு என்று யூலலிக்குத் தெரிந்தது. ஆர்லீன் பேசும் தீவுப் பேச்சு ஆசிரியருக்குப் புரியவில்லை என்பதற்காக அவளைக் கடைசிக் கணக்கு வகுப்பில் போட்டிருந்தார்கள். அந்த வகுப்புக்குத் தனித் தேர்வுத் தாள். அதில் ஒரு பிழையில்லாமல் எழுதினாலும் நடுத்தர மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது. இரண்டு வருஷமாக அதை யாரும் வீட்டுக்குச் சொல்லவில்லை. அன்பாகப் பழகுகிறாள் என்றுதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஃபாரெல் வீட்டில் எந்தக் கடிதமும் ஒருமுறை மட்டும் படிக்கப்பட்டதில்லை.

பள்ளி முடித்த ஆர்லீன் மருத்துவமனையின் ரத்த மாதிரி வாங்கும் மேசையில் ஒன்பது வருஷம் இருந்தாள். குழாய்களில் சீட்டு ஒட்டி, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்புவது வேலை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில், விட்டுப்போன கணக்கை மாலை வகுப்பில் மறுபடி படித்து, உயிரிமருத்துவ அறிவியல் பட்டப் படிப்பில் வந்து சேர்ந்தாள்.

இப்போது இரண்டாம் வருஷம். ரத்தவியல் பாடத்தின் முதல் ஆய்வக அறிக்கையில் அவளுக்கு ஐம்பத்துநாலு வந்திருந்தது. அதே மேசையில், அதே ரத்தத்தை, அதே கருவியில் வைத்துப் பார்த்த வெள்ளைக்கார வகுப்புத் தோழி ஹாரியட்டுக்கு அறுபத்தொன்பது. இரண்டு பேருடைய எண்களும் ஒன்று, வரைபடமும் ஒன்று. ஆர்லீனின் தாளில் 'விவாதப் பகுதி எதிர்பார்த்த அளவில் இல்லை' என்று எழுதியிருந்தது. யார் எதிர்பார்த்த அளவு என்று எழுதியிருக்கவில்லை.

"நான் பேர் குடுக்கப் போறேன்மா," என்றாள் ஆர்லீன்.

"எதுக்குடி?"

"உள்ள போனாத்தான் என்ன பண்றாங்கன்னு பாக்க முடியும்."

யூலலி பானையைத் திறந்து கிளறினாள். "எதுல கையெழுத்துப் போட்டாலும் ஒரு நகல் வாங்கிட்டு வா," என்று மட்டும் சொன்னாள்.

முதல் கூட்டத்தில் ஆறு தூதர்கள் இருந்தார்கள். திட்டத்தை நடத்துகிறவர் பிலிப்பா கார்சைடு, ஐம்பதை நெருங்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. எல்லோருடைய பெயரையும் சரியாகச் சொல்ல வேண்டுமென்று முந்தின நாளே பயிற்சி எடுத்து வந்தவர் போல ஒவ்வொரு பெயரையும் மெதுவாக, அழுத்திச் சொன்னார். தட்டு நிறைய சமோசா இருந்தது. எல்லோருக்கும் ஊதா நிறச் சட்டை இருந்தது. கூடவே ஒரு புகைப்படக்காரரும் இருந்தார்.

ஆர்லீன் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நீங்களும் வாங்க ஆர்லீன். ஒரே ஒரு படம்," என்றார் பிலிப்பா.

"முதல்ல வேலையப் பாக்கலாம். ஏதாவது செஞ்சு கிழிச்சப்புறம் படம் எடுத்துக்கலாம்."

பிலிப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிக நேரம் நின்றதாக ஆர்லீனுக்குப் பட்டது.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். செவ்வாயும் வியாழனும் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்து, கறுப்பின மாணவர்களின் குறைகளைக் கேட்டு எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் ஓர் ஆள் வரவில்லை. தெரிந்த முகங்கள்கூட ஊதாச் சட்டையைப் பார்த்ததும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வளைந்து போயின. மேசைக்குப் பின்னாலிருந்த அலமாரி மறைவில் ஒருவன் தன் நண்பனிடம் சொன்னது அவள் காதில் நன்றாக விழுந்தது.

"அங்க போய் வாயக் குடுக்காத. நீ சொன்னது சாயங்காலத்துக்குள்ள டீன் மேசைக்குப் போயிடும்."

ஆர்லீனுக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மூன்றாவது வாரம், அதே வகுப்பில் படிக்கும் கானா வம்சாவளிப் பெண் செர்வா வந்தாள். இருபது வயது. உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க அவங்க ஆளா, எங்க ஆளா?"

"எனக்கே இன்னும் தெரியல."

செர்வா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பிக்கர்ஸ்கில் எனக்கு நாப்பத்திரண்டு போட்டிருக்கார். அந்தாளுக்கு நம்மளக் கண்டாலே ஆகாது. எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கறாங்க."

டாக்டர் ஆலன் பிக்கர்ஸ்கில் ரத்தவியல் விரிவுரையாளர். முப்பது வருஷமாக அங்கே இருக்கிறார். வகுப்பில் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால், கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பதில் சொல்வார். ஆர்லீனுக்கும் அவர் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம்.

"வாயால சொன்னா நிக்காது செர்வா," என்றாள். "தாளா வேணும். அவர் திருத்தின தாள் எத்தனை கிடைக்குமோ அத்தனையும். நம்மளுது மட்டும் இல்ல, எல்லாருடையதும்."

அடுத்த ஒரு மாதம் இரண்டு பேரும் அலைந்தார்கள். பெயரில்லாமல், தேர்வு எண்ணோடு மட்டும் திருத்தப்பட்ட அறிக்கைகளை நகல் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று கேட்டார்கள். செர்வா தேவாலயத் தோழிகள், பேருந்துத் தோழிகள் என்று ஒருவரையும் விடவில்லை. ஆர்லீன் ஹாரியட்டிடம் கேட்டாள். ஹாரியட் எதற்கு என்றுகூட முழுதாகக் கேட்கவில்லை. தன் விடுதித் தோழர்களின் தாள்களையும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் நாற்பத்தேழு அறிக்கைகள் சேர்ந்தன. எழுதியவர் வெள்ளைக்காரர் என்றால் மூலையில் பச்சைப் புள்ளி, மற்றவர்களுக்கு நீலப் புள்ளி.

சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி, பிக்கர்ஸ்கில்லைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். மூன்று நாளாயிற்று, பிடிக்க முடியவில்லை. அந்த மனிதர் எல்லோரையும் ஒரே மாதிரி வாட்டியிருந்தார். பச்சைப் புள்ளித் தாளிலும் அலகு விட்டுப்போனால் சிவப்புக் கோடு. நீலப் புள்ளித் தாளிலும் நல்ல வரைபடத்துக்கு ஒரு டிக். பெயர் தெரியாமல் திருத்துகிறவர் யார் மேல் வன்மம் காட்டுவது?

நாலாவது நாள் மத்தியானம் மதிப்பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு விவாதப் பகுதியை மட்டும் படித்தாள். படிக்கப் படிக்க நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு பச்சைப் புள்ளிகளில் பதினெட்டு ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. முதல் வரியில் முக்கியமான முடிவு. பிறகு பிழை வரக்கூடிய மூன்று இடங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய பிழை என்ற கணக்கோடு. பிறகு வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையோடு ஒப்பீடு. கடைசியில், இந்த முடிவை வைத்து நோயாளியின் மருத்துவர் என்ன செய்வார் என்று ஒரு வரி. நீலப் புள்ளிகளில் நாலு பேர்தான் அப்படி எழுதியிருந்தார்கள். பாடக் கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாள். 'முடிவுகளை விவாதிக்கவும்' என்று இரண்டே சொல். அச்சு எங்கிருந்து வந்தது?

ஜனவரியில் வகுப்பு தொடங்கிய முதல் நாளே ஹாரியட்டை உணவகத்தில் பிடித்தாள்.

"ஹாரியட், விவாதம் எப்படி எழுதணும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

ஹாரியட் காப்பியைக் கீழே வைத்தாள். "யாரும் சொல்லிக் குடுக்கல. அந்த ஃபோல்டர்ல இருக்கும்ல, அதப் பாத்து..."

"எந்த ஃபோல்டர்?"

ஹாரியட்டின் முகம் சிவந்தது. பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற கோப்புறை அது. விடுதி மாணவர்களும் ஹாக்கிக் குழுவும் வைத்திருந்தார்கள். திருத்தி வந்த அறிக்கைகளை, பிக்கர்ஸ்கில்லின் குறிப்புகளோடு சீனியர்கள் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள்.

"காப்பி அடிக்கறது இல்ல, ஆர்லீன். சத்தியமா. எல்லாருகிட்டயும் இருக்குன்னுதான் நெனச்சேன். நீ ஏன் கேக்கல?"

"ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேக்கறது?"

ஹாரியட் பொய் சொல்லவில்லை என்று ஆர்லீனுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை அதிகம் குடைந்தது. யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. கதவு என்று ஒன்று இருப்பதையே சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேருந்து மாறி வருகிறவர்கள், மாலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. பச்சைப் புள்ளிகளில் மீதி நாலு பேரும் தினம் ரயிலில் வந்து போகிறவர்கள்தான். அவர்களுக்கும் ஐம்பத்துச் சொச்சம்தான் வந்திருந்தது.

எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதிக்கொண்டு பிலிப்பாவின் அறைக்குப் போனாள். பிலிப்பா படித்தார். படிக்கும்போது கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இது ரொம்ப முக்கியமான விஷயம், ஆர்லீன். கொஞ்சம் ஜாக்கிரதையா கொண்டு போகணும். அந்த அறிக்கை எல்லாத்தையும் என்கிட்ட விட்டுட்டுப் போறீங்களா?"

"நகல் தரேன்."

"மூலம் இருந்தா நல்லா இருக்கும்."

"மூலம் என் வீட்ல இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

பிலிப்பா அட்டையைக் கையிலிருந்து விட்டார். பிறகு, "நீங்க என்னை நம்பல, இல்லையா?" என்றார்.

"உங்கள மட்டும் நம்பலன்னு இல்ல," என்றாள் ஆர்லீன். "எனக்கு அது பழக்கம்."

மூன்று வாரம் பதில் இல்லை. நாலாவது வாரம் தொடக்கத்தில், மின்தூக்கிக்கு வெளியே, சுவரில் ஆளுயரத்துக்கு அவளே நின்றுகொண்டிருந்தாள். ஊதாச் சட்டை. நூலக மேசை. எதிரே செர்வாவின் பின்னந்தலை. செர்வா சொன்ன ஏதோ ஒரு நகைச்சுவைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தபோது, அவளுக்குத் தெரியாமல் யாரோ எடுத்த படம். மேலே கொட்டை எழுத்தில் 'இடைவெளியை மூடுகிறோம்'.

செர்வா பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, என் ஜடை நல்லா விழுந்திருக்குல்ல?"

"செர்வா, எனக்கு எரியுது."

"எரியட்டும். ஆனா இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அன்று மதியம் ஆர்லீன் நேராகப் பிக்கர்ஸ்கில்லின் அறைக் கதவைத் தட்டினாள். எந்த ஆள் மேல் அதிகம் சந்தேகப்பட்டாளோ அந்த ஆளிடமே போவதென்று அவள் யோசித்து முடிவெடுக்கவில்லை. கோபம் கொண்டுபோய் நிறுத்தியது. நாலு பக்கத்தை மேசையில் வைத்தாள். பிக்கர்ஸ்கில் பேனாவை எடுத்தார். தேர்வுத் தாளைப் போல அதையும் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது. "இந்தப் பட்டியல் தப்பு. பதினாலும் முப்பத்தொண்ணும் ஒரே அறிக்கை. ஒரே தேர்வு எண். ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்க. நாப்பத்தேழு இல்ல, நாப்பத்தாறு."

ஆர்லீன் எட்டிப் பார்த்தாள். சரிதான். ஒருத்தியே அவளிடமும் செர்வாவிடமும் நகல் கொடுத்திருக்கிறாள். இதை வைத்தே எல்லாவற்றையும் தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தாள்.

அவர் கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"வருஷா வருஷம் கொஞ்சம் பேர் ஒரே மாதிரி அழகா எழுதிட்டு வருவாங்க. விஷயம் புரிஞ்ச பசங்கன்னு நெனச்சேன். மத்தவங்களுக்குப் புரியலன்னு நெனச்சேன். எனக்கு என்ன வேணும்னு நான் எங்கயும் எழுதினதே இல்லன்னு தோணல."

"தோணியிருக்கணும்," என்றாள் ஆர்லீன்.

"ஆமா," என்றார் அவர். "தோணியிருக்கணும்."

மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது இது நல்லதா கெட்டதா என்று அவளுக்கே புரியவில்லை. செர்வாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தாளு அப்படிச் சொன்னாரா?" என்றாள் செர்வா. "ஏதோ உள்குத்து இருக்கு."

"எனக்கும் அதான் தோணுது."

பத்து நாள் கழித்துப் பாடத்தின் இணையப் பக்கத்தில் ஆறு பழைய அறிக்கைகள் ஏறின. நல்லதில் இரண்டு, நடுத்தரத்தில் இரண்டு, மோசத்தில் இரண்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும், எதற்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்று பிக்கர்ஸ்கில்லின் குறிப்பு. விவாதப் பகுதியில் தான் எதிர்பார்ப்பது என்ன என்று ஒரு முழுப் பக்கம். யார் சொல்லிச் செய்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வகுப்பில் ஆர்லீனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோப்புறை விஷயத்தை வெளியே சொன்னதற்காக ஹாக்கிக் குழுவில் சிலர் ஹாரியட்டோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஹாரியட் ஒரு வாரம் அழுத முகத்தோடு வந்தாள். பிறகு செர்வாவின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். செர்வா முதலில் பையை நகர்த்திக் கொடுக்கவில்லை. இரண்டாவது வாரம் நகர்த்தினாள்.

ஜூன் மாதம் பிலிப்பா ஒரு தாளை நீட்டினார். ரத்தவியல் அறிக்கைகளில் இரண்டு தரப்புக்கும் சராசரியில் பதினொரு மதிப்பெண் வித்தியாசம் இருந்தது, நாலாகக் குறைந்திருந்தது. செர்வாவுக்கு அறுபத்துமூன்று. ஆர்லீனுக்கு எழுபத்தொன்று.

ஆண்டறிக்கையில் அது 'திட்டத்தின் வெற்றி' என்று ஒரு பத்தியாக வந்திருந்தது. ஆர்லீன் பெயர் இல்லை, படம் இருந்தது.

"அந்த மூணு வாரம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

பிலிப்பா மறுபடி அட்டையைத் திருகினார். "கல்விக் குழுவுக்குக் கொண்டு போனேன். ரெண்டு தடவை. எண்ணிக்கை கம்மின்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. படம் நான் போடச் சொல்லல. ஆனா சுவத்துலேருந்து கழட்டவும் சொல்லல."

அது உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அன்று மாலை அம்மாவிடம் சொன்னபோது யூலலி, "குழுவோட குறிப்பு எழுத்துல இருக்கும், கேட்டு வாங்கு," என்றாள். கேட்டாள். ஒரு மாதம் இழுத்தடித்து, வந்தது. பிலிப்பா இரண்டு முறை கொண்டுபோனது அதில் இருந்தது. ஆர்லீன் அதைப் படித்துவிட்டு, பிலிப்பாவுக்கு 'கிடைத்தது, நன்றி' என்று எழுதினாள். அவள் கணக்கில் அது பெரிய வார்த்தை.

அடுத்த வருஷமும் தூதராக இருக்க முடியுமா என்று பிலிப்பா கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண் வித்தியாசமும் பருவத்துக்கு ஒருமுறை தூதர்கள் கைக்கு வர வேண்டும்.

"கேட்டுப் பாக்கறேன்," என்றார் பிலிப்பா.

"கேட்டுட்டு எழுத்துல குடுங்க."

வந்த முதல் பட்டியலிலேயே ஒரு வரி அவள் கண்ணில் குத்தியது. எழுத்துத் தேர்வுகளில் வித்தியாசம் சுருங்கிக்கொண்டு வந்தது. முதலாண்டு வாய்மொழித் தேர்வில் மட்டும் ஒன்பது மதிப்பெண் அப்படியே நின்றது. அங்கே தேர்வு எண் கிடையாது. முகத்துக்கு முகம். காரணம் கேட்டாள். பதற்றமாக இருக்கலாம் என்றார் ஒருவர். மொழியாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன மொழி என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வாய்மொழித் தேர்வு நடக்கும் அறையில் பார்வையாளராக உட்கார அனுமதி வாங்க நாலு மாதம் ஆயிற்று. மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூலையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். தேர்வாளர்கள் இரண்டு பேர், கனிவான முகங்கள். அவளுக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். நோட்டில் மூன்று பத்திகள் போட்டாள். கேள்வி கேட்டு எத்தனை நொடி காத்திருக்கிறார்கள், தடுமாறினால் எடுத்துக் கொடுக்கிறார்களா, இடையில் குறுக்கிடுகிறார்களா.

முதல் மாணவன் வந்தான், வெள்ளைக்காரப் பையன். இரண்டாம் கேள்வியில் திக்கி நின்றான். தேர்வாளர் பதினெட்டு நொடி காத்திருந்தார். பிறகு, "முதல்ல செல் சுவர்லேருந்து ஆரம்பிச்சுப் பாரேன்," என்று எடுத்துக் கொடுத்தார். பையன் பிடித்துக்கொண்டான்.

இரண்டாவதாகச் சோமாலியப் பெண் ஒருத்தி, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். அதே கேள்வி. அவளும் அதே இடத்தில் நின்றாள்.

"பரவால்லம்மா, அடுத்த கேள்விக்குப் போகலாம்," என்றார் தேர்வாளர், மிகவும் அன்பாக.

ஆர்லீன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நொடி என்று எழுதினாள். ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் முப்பத்தெட்டுப் பேர் வெளியே காத்திருந்தார்கள்.